பசுவைச் சுட்டவரும் ஞாயிற்றுக்கிழமை நாடகமும்

கொலைகாரனை முதலிலேயே காட்டிவிட்டால் துப்பறியும் நாடகத்தில் அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். யார் செய்தது என்று தெரியாமல் தவிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. எங்கள் தோட்டத்தில் யார் செய்தது என்பது எப்போதும் எல்லோருக்கும் தெரியும்.

மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணமான புதிது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஒரு பசு வளர்த்தோம். கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் அது கழுத்துக்கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கண்டக்டரின் வீட்டுத் தோட்டத்தில் போஞ்சிக் கொடிகளை மேய்ந்துவிட்டது. கண்டக்டர்தான் எங்கள் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். தோட்டத்து மேனேஜரான துரைக்கு அடுத்தபடி அவர் வைத்ததுதான் சட்டம். பன்றி விரட்ட வைத்திருந்த துவக்கை எடுத்து மாட்டைச் சுட்டுவிட்டார்.

மலையில் நின்ற எங்களுக்கு வெடிச் சத்தம் கேட்டது. பன்றிக்கு என்று நினைத்தோம். வேலை முடிந்து நான் இறங்கி வருவதற்குள் தோட்டத்துக் காவல்காரன் மாட்டைப் புதைத்து மண்ணை மிதித்துவிட்டிருந்தான்.

"பாம்பு கடிச்சிருச்சு. விஷ மாடு, வைக்கக்கூடாதுன்னு பொதைச்சிட்டேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கண்டக்டர் துவக்கோடு போனதையும் திரும்பியதையும் லயத்தில் இருந்த பெண்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். என்னிடம் கிசுகிசுவென்று சொன்னார்கள். துரையிடம் வந்து சொல்லுங்கள் என்றதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள்மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

"விடு. மாடுதானே. வேலை போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாடுதானேன்னு அவரு சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க" என்றேன். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் துரையிடம் முறையிட்டேன். ஞாயிறு கழியட்டும், விசாரிக்கிறேன் என்றார் துரை.

அந்த நாட்களில் எங்கள் லயத்தில் ஒரே ரேடியோ லொறி டிரைவர் வீட்டில் இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அதில் ஒரு தொடர் நாடகம் போகும். ஒரு டாக்டர் சொத்துக்காகத் தம்பிக்கு விஷம் கொடுப்பது முதல் வாரமே எங்கள் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். அதட்டமாட்டார். அற்பமான விஷயங்களையே கேட்பார். தம்பி தேநீருக்குச் சீனி போடுவாரா, சன்னல் திறந்திருந்ததா என்று. டாக்டர் கண்ணீர்விட்டுப் பதில் சொல்லச் சொல்ல, "பொய், பொய்! நாசமாப் போறவன்!" என்று பெண்கள் ரேடியோவைத் திட்டுவார்கள். பொய்யன் பேசுவதைப் பொய்யென்று தெரிந்துகொண்டே கேட்பதில் ஒரு வெறி இருக்கிறது. அவன் எந்த வார்த்தையில் வழுக்குவான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த ஞாயிறும் அப்படித்தான் கேட்டேன்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை நாற்காலியில். பக்கத்தில் கண்டக்டர், வெள்ளைக் காற்சட்டை. எதிரே நானும் என் வீட்டுக்காரரும்.

"நான் அன்னிக்கு விடியவே டவுனுக்குப் போயிட்டேன் சேர். அந்த மாட்டை நான் கண்ணாலயும் பார்க்கல" என்றார் கண்டக்டர்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க ஐயா. அது கழுத்துல கிடந்த வெங்கல மணியை மட்டுமாவது காவக்காரர்கிட்ட வாங்கிக் குடுங்க. எங்கம்மா போட்டு அனுப்பினது" என்றேன். அறுந்த கயிற்றோடு அந்த மணி கொட்டிலிலேயே விழுந்து, எங்கள் லயத்து அறையான காம்பராவில் பத்திரமாக இருந்தது.

"என்ன மணி? புதுசா ஒண்ணு கிளப்புறியா? அது வெறுங்கழுத்தோடதானே நின்னுச்சு!" என்று கண்டக்டர் சீறினார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாய் மூடவில்லை. நெற்றியில் வியர்வை பொடித்தது. "எங்கங்க ஐயா நின்னுச்சு?" என்று கேட்டேன். அந்த முகத்தை நான் கண் நிறையப் பார்த்தேன். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரேடியோவின் முன் போய் உட்கார்ந்தேன் என்று அப்போது புரிந்தது.

துரை சிகரெட்டைப் பற்ற வைத்தார். அவருக்கும் விளங்கிவிட்டது என்பதை நான் கண்டேன்.

"பாம்புதான் கடிச்சிருக்கு. நீ போ" என்றார்.

அடுத்த நாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் பால் வராத பட்ட மரங்கள் நிற்கும் செங்குத்து மலைக்கு மாற்றினார்கள். அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

நாடகத்தின் கடைசி வாரத்தில் டாக்டரின் கையில் விலங்கு விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். "நீ கேட்ட மாதிரியே கேட்டாருடி இன்ஸ்பெக்டர்" என்று பக்கத்து வீட்டுக்காரி என் தோளைத் தட்டினாள். நான் கைதட்டவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் கேட்டுப் பிடித்ததை எழுதிக்கொள்ள ஒரு கோர்ட் இருந்தது. நான் பிடித்ததைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல இருந்த ஒரே ஆள், கேட்காத மாதிரி புகை விட்டார். டாக்டரைவிட, கண்டக்டரைவிட, அந்த நாற்காலியில் இருந்த மனிதரை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்த வருடம் கண்டக்டர் பதவி உயர்வோடு வேறு தோட்டத்துக்குப் போனார். மாலை போட்டு அனுப்ப எல்லோரும் ரோட்டில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நான் அழுக்குத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டேன். கீழே ரோட்டில் அவருடைய கார் போகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தேன்.