சிலுவையைக் காட்டினால்தான் தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. அதற்கு முன்பே நான் ஓர் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு காலைப்பொழுது. அதை நினைத்தால் இன்றைக்கும் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுடைய சர்ச்சுக்குக் கோபுரம் கட்டியதும் எங்கள் சபைக்குத் தூக்கம் போய்விட்டது. அதைவிட உயரமாகக் கட்ட வேண்டும், உச்சியில் லைட்டு போட்ட சிலுவை நிற்க வேண்டும், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. முன்னால் நின்று நடத்தியவர் என் அப்பா. சர்ச்சுக் கூரை ஒழுகியது. எங்கள் வறண்ட காட்டில் எப்போதாவது பெய்கிற மழையும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எங்கள் பெஞ்சு மேல்தான் விழும். கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ரோட்டிலிருந்து தெரியாதல்லவா.

கோபுரத்தைப் பிரதிஷ்டை செய்த அன்று பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்புக் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் சிலுவை கொடுத்தார்கள். என்னுடையது தொப்புள்வரை தொங்கியது. சட்டைக்கு மேலேதான் போட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"அப்பத்தாம்லே நம்ம ஆளு யாரு, அடுத்த ஆளு யாருன்னு தெரியும்."

எந்தப் பாடமும் ஏறாத மண்டையில் இது மட்டும் கச்சிதமாக ஏறியது.

ஊரில் உப்புக் கரிக்காத தண்ணீர் சர்ச்சு வளாகத்து போர்வெல் குழாயில்தான் வரும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் அங்கேதான் பிடிப்பார்கள். மறுநாள் காலையில் நான் குழாய் மேல் கையை வைத்துக்கொண்டு, சிலுவையைக் காட்டினால்தான் தண்ணீர் என்று சட்டம் போட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள், என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான், சித்தாள் அக்கா. அந்தக் கோபுரத்துக்குச் செங்கலும் கலவையும் தலையில் சுமந்தவர். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மகளுக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க ஒரு குடம் வேண்டும் என்றார்.

"சிலுவை இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒங்கப்பா சொல்லச் சொன்னாகளா?"

விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். என் பதவி போய்விடுமே. "ஆமா" என்றேன்.

அக்கா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்துக் கிணற்றை நோக்கி வெயிலில் நடந்தார்.

மத்தியானம் சங்கதி வீட்டுக்கு வந்தது. "நான் எப்பலே அப்படிச் சொன்னேன்?" என்று அப்பா கையை ஓங்கினார். அம்மா அவரைப் பார்த்தார். ஓங்கிய கை பாதியில் நின்று, வேர்வை துடைக்கப் போய்விட்டது. அம்மா ஒரு சின்னக் குடத்தை நிரப்பி என் தோளில் வைத்து, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

போகிற வழியில் பாதித் தண்ணீர் என் டவுசர் குடித்தது. மன்னிப்பும் அதோடு சிந்திவிட்டது போல. அக்கா வீட்டு வாசலில் குனிந்து குடத்தை இறக்கினேன். கழுத்துச் சிலுவை தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்தது.

தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவார் என்று பயந்தேன். அவர் ஊற்றவில்லை. சிலுவையை எடுத்து, சேலை முந்தியால் ஈரம் போகத் துடைத்து, என் சட்டைப் பட்டனைக் கழற்றி நெஞ்சுக்குள் போட்டுவிட்டார்.

"உள்ள போட்டுக்க தம்பி. உள்ள கெடந்தாப் போதும்."

சிலுவை நனைந்துவிட்டதே என்று அவர் வருத்தப்படுவதாக நினைத்தேன். அதனால், இது பிளாஸ்டிக்குதான்க்கா, நனைஞ்சா ஒண்ணும் ஆகாது என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.