அத்தையின் கருநாக்கு

எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியாகாது, நிறைந்துபோகும். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் 'போறேன்' என்று வாய் தவறினால், அம்மா திரும்ப உள்ளே கூப்பிட்டு, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். அந்தப் பேச்சின் குளுமையில்தான் வளர்ந்தேன். இன்றைக்கும் என் வாயில் 'இல்லை' சுலபமாக வராது.

அத்தை மட்டும் இதற்கெல்லாம் அடங்காதவர். அப்பாவின் அக்கா, பக்கத்துத் தோட்டம். மழை வரும் என்று யாராவது சொன்னால், வானத்தை ஒரு பார்வை பார்த்து "எங்க வருது" என்பார். பெரும்பாலும் வராது. சொன்னது பலித்ததால் கருநாக்கு என்று பெயர் வந்தது.

கிணறு வறண்டு தென்னங்குருத்துகள் வாடிய ஒரு வருசம், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்தது. கையிலிருந்த காசுக்கு ஓர் ஆழம் வரை போகலாம். அதற்கும் கீழே போனால் எருமையை விற்க வேண்டும். எங்கள் கஞ்சியும் என் படிப்பும் அந்த எருமையின் மடியில் இருந்தன.

தேங்காய் உடைத்து வண்டியை முடுக்கினார்கள். துளை போடும் இடத்தில் நல்ல வார்த்தை மட்டுமே பேச வேண்டும். அதனால் அத்தைக்குச் சொல்லவில்லை. சத்தம் கேட்டும் அவர் வரவில்லை, அவருக்கும் தெரியும்.

வெள்ளைப் புழுதி எழுந்து எங்கள் தலைகளை நரைக்கவைத்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குது மாப்ள. கீழ தண்ணி கெடக்குது."

"மஞ்ச வெக்கலாமாண்ணா, வாழை வெக்கலாமா?" என்றார் அம்மா.

"இன்னொரு ராடு எறக்கட்டுங்களா?" என்றார் வண்டிக்காரர், அடுத்த துளைக்கம்பியைக் காட்டி.

எறக்குங்க என்றார்கள் எல்லோரும். ஒவ்வொரு ராடுக்கும் புழுதி இன்னும் வெளுத்தது, பேச்சில் பயிர் இன்னும் பச்சையானது. உச்சிவெயிலில் கைக்காசின் ஆழம் முடிந்தது. வண்டிக்காரர் மறுபடி கேட்டார். அப்பா வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையைப் பார்த்தார். மாமா முந்திக்கொண்டு தலையசைத்தார்.

அப்பா என்னை மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அத்தைய நாங் கூப்புட்டன்னு சொல்லு சாமி. ஆருக்கும் தெரிய வேண்டாம்."

"அத்த வந்தாத் தண்ணி வராதுங்கப்பா."

"நீ போயிட்டு வா."

அத்தை வந்தார். புழுதியை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

"வெறும் மாவு, தம்பி. இதுல ஒண்ணுங் கெடையாது. நிறுத்தச் சொல்லு."

அப்பா கையைத் தூக்கினார். இயந்திரம் ஓய்ந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"வாய வெச்சுட்டீங்களே, அடுத்த ராடுல வந்திருக்குமுங்க" என்றார் மாமா.

"அப்ப உன்ற ஊட்டு எருமைய வித்து எறக்கு."

வரச்சொன்னது தான்தான் என்று அப்பா சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, புழுதிக் கையைச் சேலையில் துடைத்தபடி வரப்பேறிப் போனார்.

ஊர் அந்தக் கதையை விடவில்லை. விளிம்பு வரை வந்த தண்ணீரை ஒரு சொல்லில் திருப்பி அனுப்பியவர் என்றது. மாமா சொல்லச் சொல்லத் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே வந்தது. அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை.

ஆனால் மறுநாள் முதல், கறந்த பாலில் முதல் சொம்பு அத்தை வீட்டுக்குப் போனது. கொண்டுபோனது நான். அத்தையின் வாய்க்குப் பயந்துதான் அப்பா கொடுத்தனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். எருமையைப் பற்றி எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று, சொம்பை நீட்டிவிட்டு, அவர் உதடுகளையே பார்த்தபடி நிற்பேன்.