யானைக்குக் குளியல் நின்ற ஆடி

போன வாரம், சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் அக்கா மகள் என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினாள். சாம்பல் நிறப் பாறை, அதில் அங்கங்கே வெள்ளையாக ஈஷிவிட்டாற்போல் சில கோடுகள். கூடவே ஒரு குரல் பதிவு. "மாமா, நீங்க சொன்னீங்கன்னு வெயில்ல ஏறிப் போனனுங்க. ஒண்ணுமே தெரியல. கேமரா சரியில்லீங்களா, பாறை சரியில்லீங்களா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று யானைகளும் இருந்தன. மங்கலாக, தூசி படிந்து, நன்றாகக் காய்ந்துபோய் இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோருக்கும் நானே காபி போட்டுக் கொடுத்தேன்.

மங்கலாக இருப்பதில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காந்திபுரத்தில் இரண்டே வேன் வைத்திருந்த ஒரு டிராவல்ஸில் நான் கைடு. பி.காம் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காததுதான் அதற்கு என் தகுதி. ஞாயிறுதோறும் ஒரு கோயில், ஓர் அணை, கடைசியாகப் பாலக்காட்டு எல்லைப் பக்கம் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த ஞாயிறே வண்டியைக் கிளப்பிவிடுவீர்கள்.

அந்தக் கரட்டின் மேல் குடைபோல் ஒரு பாறை. அதன் அடியில், எந்தக் காலத்து மனிதனோ வெள்ளை மண்ணைக் குழைத்து விரலால் வரைந்த மூன்று யானைகள், கடைசியில் ஒரு குட்டி. சும்மா பார்த்தால் தெரியாது. அதற்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டு பாறையில் வீசி அடிப்பேன். ஈரம் பட்டதும் யானைகள் பளிச்சென்று எழுந்து நிற்கும், வேனே கை தட்டும். கோவையிலிருந்து இரண்டு கேன் கொண்டுபோவேன். குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் எனக்கு, போர்க்குழாய் உப்புத் தண்ணீர் யானைக்கு.

நானாவது தண்ணீர் விட்டேன், மற்ற வேன்காரர்கள் புகை போட்டார்கள். பாறைக்குப் பக்கத்தில் ஒரு சுனை உண்டு, நான் போய்ச் சேர்வதற்குள் அதைச் சுற்றிக் கூட்டம் மொய்த்திருக்கும். தண்ணீரும் நிழலும் ஒரே இடத்தில் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா? மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே கறிக்குழம்பு வைப்பார்கள். இன்றைக்கும் எங்காவது விறகடுப்பில் மல்லி வறுபடும் வாசம் வந்தால், கரி பிடித்த அந்தப் பாறைக் கூரைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

அடிவாரத்தில் மேரி என்ற பெண் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்ப் பத்தையும் விற்பாள். என் வயதுதான் இருக்கும். மற்ற நாளெல்லாம் காடு தோட்டத்தில் கூலி வேலை, ஞாயிறு மட்டும் கூடை. "ஏனுங்க கைடு சார், வாராவாரம் குளிப்பாட்டறீங்களே, ஆனை கரைஞ்சு போகாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் படித்தவன் அல்லவா, சிரித்தேன்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் மக்கை வீசிவிட்டு, "இதோ பாருங்க, குட்டி" என்றேன். குட்டி வரவில்லை. இன்னொரு மக்கு அடித்தேன். பாறையிலிருந்து பொருக்குப் பொருக்காக ஏதோ பெயர்ந்து, என் செருப்பின் மேல் வெள்ளையாக வழிந்தது. "குட்டி எங்கீங்க?" என்றார் ஒருவர். "மேயப் போயிருக்குதுங்க" என்றேன். வேனே சிரித்தது. நான் மக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அந்த வாரமே, கரட்டுக்குக் கீழே நிலம் வைத்திருந்த தோட்டத்துக்காரரின் மாடு ஒன்று, வேன்காரர்கள் போட்ட பாலிதீன் பைகளைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. அவர் வேலாமுள்ளை வெட்டித் தடத்தை அடைத்துவிட்டார். அடைத்தால் யானை பிழைக்கும், மேரியின் கூடையும் என் வேலையும் போய்விடும்.

இருவரும் அவருடைய மோட்டார் ரூமுக்குப் போனோம். பாரம்பரியம், சரித்திரம் என்று நான் பேசியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேரிதான் சொன்னாள்: "தண்ணி இருக்கற பக்கந்தானுங்க அடுப்புப் போகும். மேல சுனை இருக்குதுன்னுதான் மேல போறாங்க. உங்க புளியந்தோப்புல ஒரு தொட்டி இருந்தா எவனுங்க சட்டியத் தூக்கிட்டு ஏறுவான்?"

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "தண்ணின்னு வந்தவங்களுக்கு எங்கூட்டுல இல்லைன்னு சொன்னதில்ல" என்றார். "சரி, குப்பைய ஆரு அள்ளறது?"

"நானுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஆறு வருஷம் என் திங்கட்கிழமைக் காலைகள் சாக்குப்பையோடு அந்தத் தோப்பில்தான் கழிந்தன.

ஆடிப் பதினெட்டுக்குத் தொட்டி தயார், தடத்து முள்ளும் எடுத்தாயிற்று. அன்றைக்கு வந்த வண்டிகளை எண்ண முடியவில்லை. தோட்டத்துக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப்போல் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க. அடுப்ப இங்கயே மூட்டுங்க. மேல கைய வீசிட்டுப் போயிட்டு வாங்க" என்று கும்பிட்டார். வெள்ளகோவிலிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பெரிய மீசைக்காரர் மட்டும் மசியவில்லை. "எங்கப்பன் காலத்துல இருந்து மேலதானுங்க ஆக்கித் திங்கறோம்." தோட்டத்துக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப இன்னைக்கு நீங்க எங்கூட்டு விருந்தாளிங்க. கறி உங்களது, சோறு எங்களது" என்றார். கொங்கு நாட்டில் இதற்கு மேல் மறுத்துப் பேச எவனுக்கும் வாய் வராது. மீசைக்காரரே சட்டியை இறக்கினார்.

மேலே போனவர்களுக்கு வித்தை காட்ட இந்த முறை என்னிடம் மக்கு இல்லை. "அஞ்சு நிமிசம் பேசாம உக்காருங்க" என்றேன். எங்கள் ஊர்க்காரர்களை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைப்பது லேசான காரியமா? உட்கார்ந்தார்கள். வெயிலில் கூசிய கண்ணுக்கு நிழல் பழகியதும், மீசைக்காரரின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, அங்க ஆனை நிக்குது." ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். நான் தண்ணீர் அடித்த நாளில் வாங்கிய கைதட்டலெல்லாம் அன்றைய கைதட்டலுக்கு உறை போடக் காணாது. திரும்பிக் கீழே பார்த்தேன். புகை முழுவதும் புளியந்தோப்பில் எழுந்துகொண்டிருந்தது, கரட்டில் ஒரு நூல்கூட இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று மேரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கூடை அதற்குள் காலியாகியிருந்தது.

இப்போது அந்த டிராவல்ஸ் இல்லை. தோட்டத்துக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், தொட்டியில் தண்ணீர் இல்லை, மேரி மகனோடு சூலூருக்குக் குடிபோய்விட்டாள் என்று கேள்வி. ஆனாலும் மேலே யாரும் அடுப்பு வைப்பதில்லையாம். ஏன் வைப்பதில்லை என்று இன்றைக்கு அங்கே வருகிறவர்களுக்கே தெரியாது.

அக்கா மகளைக் கூப்பிட்டு, மறுபடி போய் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன். நேற்று போயிருக்கிறாள். அங்கிருந்தே பேசினாள். "மாமா, தெரியுதுங்க. மூணும் தெரியுது. ஆனா கடைசி ஆனை மட்டும் ஏனுங்க தும்பிக்கையப் பின்னால நீட்டிட்டு நிக்குது? அங்கதான் ஒண்ணுமே இல்லியே."

அங்கே ஒரு குட்டி இருந்தது என்று சொன்னேன். எப்படிப் போனது என்று அவள் கேட்டாள். அதையும் சொன்னேன்.