எரியாத மூன்று விளக்குகள்

சிங்கப்பூரின் மார்சிலிங்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த பதினொரு வருடத்தில் மதலேனா ஒரு நாள்கூடத் தன் கண்ணைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்தால் வேலை போய்விடும். எல்.இ.டி. என்ற கடுகைவிடச் சிறிய விளக்குகளில், முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டுவது அவள் வேலை. கப்பல் பட்டறையில் விழுந்து இடுப்பொடிந்து கிடந்த கணவன் இயேசுதாசனும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தக் கண்ணை நம்பித்தான் சாப்பிட்டார்கள். 1987இல் அது மங்கத் தொடங்கியது. சிராங்கூன் ரோட்டில் திருட்டுத்தனமாக வாங்கிய கண்ணாடியும் உதவவில்லை. கம்பி இரண்டாகத் தெரியும். குத்துமதிப்பாக நடுவில் ஒட்டுவாள். இன்னும் இரண்டே வருடம் கொடு என்று மாதாவிடம் கெஞ்சுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா தங்கராஜு வரவேண்டும்? பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். மூளை மாதிரி வேலை செய்யும் கம்ப்யூட்டர் செய்கிறாராம். நரம்புக்கு நரம்பு சேதி போவதுபோல, அதில் விளக்குகள் ஒளியால் சேதி அனுப்புமாம். பாதி அழிந்த எழுத்தைக் காட்டினாலும் முழுதாகக் கண்டுபிடிக்குமாம். அதற்கு அறுபத்துநான்கு விளக்குகள் வைத்த பலகை ஒன்று வேண்டும் என்றார். கைதேர்ந்தவள் என்று சூப்பர்வைசர் மைமூன் அதை மதலேனாவிடமே கொடுத்தாள். ஒட்டும்போதே மூன்று இடத்தில் அவளுக்குச் சந்தேகம். ஆனால் சோதனையில் எல்லாம் எரிந்தன. மதலேனா பலகையை அப்படியே ஒப்படைத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து தங்கராஜு கறிபஃப் பொட்டலத்தோடு வந்தார். படித்த மனிதர், எதை யார் முன்னால் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மைமூன் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அக்கா, மூணு விளக்கு ரெண்டே நாள்ல அணைஞ்சுபோச்சு. ஆனாலும் மிஷின் எழுத்தக் கண்டுபிடிச்சிடுச்சு லா. மூளையும் அப்படித்தான், நாலு செல் செத்தாலும் நின்னுபோகாது. உங்க பலகையாலதான் அத நிரூபிக்க முடிஞ்சுது."

மிஷின் மன்னித்துவிட்டது. கம்பெனி மன்னிக்காது. ஒட்டு விடுகிறதென்றால் கண் போகிறது என்று அர்த்தம். அதே பெஞ்சில் இருந்து மேலே வந்த மைமூனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவர் போனதும் மைமூன் அவளை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்து, எத்தனை கம்பி தெரிகிறது என்று கேட்டாள். மதலேனாவுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. தன் கண்ணை நம்பாமல், "ரெண்டு" என்றாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே வைக்கலக்கா" என்று சொல்லிவிட்டு மைமூன் அழுதாள்.