தம்பியின் காலடி

தம்பியைப் பேட்டியெடுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவன் இப்போது தொழில்முறை குத்துச்சண்டை வீரன். கேமராவுக்காக அப்பா தன் பழைய சிலம்பக் கம்பை எடுத்து வேப்பெண்ணெய் பூசினார். அந்த வாடை எட்டியதும் நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

சின்ன வயதில் அந்த வாடை வாசலில் வரும்போதே நாங்கள் நடுங்குவோம். அப்பா சிலம்பக்கூடத்திலிருந்து கம்போடு வருவார். செருப்பைச் சற்றுத் தள்ளிக் கழற்றி விட்டிருந்தாலும் தம்பிக்கு அடிதான். அவன் தாடையைத் தோளில் புதைத்துக்கொண்டு பக்கவாட்டில் நழுவுவான். நழுவ முடியாத நாளில், முதுகில் தடித்த வரிகளின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். நான்தான் சீயக்காய் போட்டுக் கழுவிவிடுவேன். சிலம்பக்கூடத்தில் மட்டும் அவனை அவர் சேர்க்கவே இல்லை. நோஞ்சான் என்று சொல்லிவிட்டார்.

"உங்க ஆட்டத்துல, கால் வைக்கிற விதத்துல, சிலம்பத்தோட சாயல் இருக்குன்னு சொல்றாங்களே?" என்று நிருபர் தம்பியிடம் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க. அந்தக் காலடி பூரா நான் சொல்லிக் குடுத்ததுங்க. ஏஞ்சாமி, அப்படித்தான?"

தம்பி தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு அடிகூடச் சொல்லித் தரலீங்க. இவரு கம்புல அடிப்பாருங்க, அவன் தப்பிச்சுத் தப்பிச்சுப் பழகுனானுங்க" என்றேன்.

நிருபர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "கவலைப்படாதீங்கய்யா, அதை வெட்டிடலாம். முதல்ல இருந்து சொல்லுங்க."

அப்பா செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். தம்பி இந்த முறை தலையாட்டவில்லை.