அட்டனில் தோற்ற வெள்ளிக்கிழமைகள்

அட்டன் டவுனில் இணையத்துக்குப் போகும் கொமியூனிகேஷன் கடையிலிருந்த அந்தச் சாம்பல்நிற மவுஸை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அதற்குக் கேட்காது. மறுமுறை அழுத்தினால் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு, நான் நினைக்காத கட்டத்தில் காயைக் கொண்டுபோய் வைக்கும். முறையிட்டால், நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் கடைக்காரர், "மவுஸ் நல்லாத்தான் ஈக்குது தம்பி, நீங்கதான் அவசரப்படுறீங்க" என்பார். மூன்றே நிமிடத்தில் முடிய வேண்டிய சதுரங்க ஆட்டத்தில் அவசரப்படாமல் வேறென்ன செய்வது?

எதிரில் ஆடியவர் மச்சான், என் அக்காவின் கணவர். கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போவதற்கு முன் தோட்டத்து மரப்பலகையில் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தவர்தான். அங்கே போய் இணையத்தில் வேக ஆட்டம் பழகியபின் ஆளே மாறிவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் தேயிலைத் தொழிற்சாலையில் இராவேலை முடித்து, தூக்கக் கண்ணோடு பஸ் பிடித்து வந்து, நானா ஜும்மாத் தொழுகைக்குக் கடையை அடைப்பதற்குள் ஆடியாக வேண்டும். இணைப்பு ஆமை வேகம். என் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஒருநாள் தொலைபேசியில் மச்சான் சொன்னார்: "நீ ஒருக்கா என்னைய ஜெயிச்சுக் காட்டு மாப்ள, அன்னைக்கே லீவு கேட்டு டிக்கட் போடுறேன்." வருவதாகச் சொன்ன தவணைகளெல்லாம் தப்பிப்போயிருந்த நேரம் அது. பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கூடையைக் கீழே வைக்கும் முன்பே கேட்பாள்: "ஜெயிச்சியா?"

தோற்பதுகூடப் பரவாயில்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைச் சமநிலையாக்கிவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் தோட்டத்தில் எதிராளியின் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் போதும், அவன் தோற்றான். அப்படித்தான் எல்லாரும் ஆடினோம். ஆனால் முறையான விளையாட்டில், ராஜாவைத் தாக்காமல் வெறுமனே அடைத்து வைத்தால் அது வெற்றியல்ல, சமநிலை. இது எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. கடைசி நொடிகளில் ராணியும் கோட்டையுமாக மச்சானின் ஒற்றை ராஜாவைத் துரத்திப்போய், பழக்கதோஷத்தில் அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். "இது ஒங்க தோட்டத்து ஆட்டம் இல்ல மாப்ள" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார். மேசையைக் குத்துவேன். நானா தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

முன்பின் தெரியாதவர்களோடும் ஆடு ஆடென்று ஆடிப் பார்த்தேன். அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்யப் பழகினேன், அவ்வளவுதான். பிறகு வெறுத்துப்போய், ஆடுவதை நிறுத்திவிட்டு அந்த ஒரு விஷயத்தை மட்டும் பழகத் தொடங்கினேன். இரவுவேலை இல்லாத நாட்களில் மாலையில் மரப்பலகையை விரிப்பேன். என் பக்கம் ராஜாவோடு ராணி அல்லது கோட்டை. அக்காவின் பக்கம் ஒற்றை ராஜா. அலுத்துக் களைத்து வந்தவள், சோறு வேகும் நேரத்தில் அதை இங்குமங்கும் நகர்த்துவாள். நான் அடைத்துவிட்டு அவளையே முறைப்பேன். "என்னைய ஏன் மொறைக்கிற? போக எடமில்லாம பண்ணுனது நீதான?" என்பாள். இப்படி மாதக்கணக்கில் எரிச்சல்பட்ட பிறகுதான், ஓர் இடம் விட்டு, அப்புறம் தாக்குவது கைக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. மவுஸும் மனமிரங்கியது. மச்சானின் ராஜாவை மூலைக்கு ஓட்டிப்போய், முறையாகத் தாக்கி முடித்தேன். எழுந்து நின்றபடியே "டிக்கட்?" என்று தட்டினேன். பதில் வந்தது.

"பாஸ்போட்ட மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டான் மாப்ள. கேட்டுப் பாத்துட்டேன், குடுக்க மாட்டேங்கிறான். நீ எப்புடியும் தோத்துருவேன்னுதான் அப்புடிச் சொன்னேன். அக்காகிட்ட சொல்லாத."

நானா கதவை இழுத்துக்கொண்டிருந்தார். யார்மேல் கோபப்படுவதென்றே எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அத்தனை மாதப் பயிற்சியையும் சபித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா கூடையோடு வாசலில் நின்றாள். "ஜெயிச்சியா?"

"இல்லக்கா. சமனாப் போச்சு. மவுஸு சரியில்ல."

உள்ளே போனாள். சோற்றுப்பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, தானே பலகையை எடுத்துவந்து ராஜாவை நடுக்கட்டத்தில் வைத்தாள். "வா, இன்னொருக்கா பழகு" என்றாள்.

மச்சான் வந்து சேர இன்னும் இரண்டு வருடமானது. இப்போது வீட்டில் ஆளுக்கொரு கைபேசி. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேக ஆட்டம் ஆடுகிறோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

"அந்த மவுஸு மட்டும் நல்லா இருந்திருந்தா, இவரு அப்பவே வந்திருப்பாரு" என்பாள்.

மச்சான் தலையைத் தூக்குவதில்லை. நானும் ஆமாக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த காயை நகர்த்துவேன்.