விரிக்காத வரைபடம்

பல்கலைக்கழக நூலகம் அச்சிலிருந்து மின்வடிவுக்கு மாறிய ஆண்டில், அங்கே வேலை பார்த்த அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'மின்னூலக ஒருங்கிணைப்பாளர்; கணினித் திறனும் கழுகுக் கண்ணும் கொண்டு நாலாயிரம் ஆய்வேடுகளை வரி வரியாகச் சரிபார்த்தவர்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. கழுகுக் கண்ணுக்கு இரண்டு முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. கணினியை அணைக்க இன்றும் பக்கத்து மேசைக்காரியைத்தான் கூப்பிடுவார்.

வரி வரியாக என்பதும் கொஞ்சம் மிகை. இருபத்திரண்டு வருடம் அடுக்குகளுக்கு நடுவே நடந்தவர். எந்த ஆய்வேடு எங்கே இருக்கிறது என்று முதுகு நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், அது வேறு துறை. சரிபார்க்கச் சொன்னபோது தமக்குத் தெரிந்ததைச் செய்தார்: தாளில் எத்தனை பக்கம், கோப்பில் எத்தனை பக்கம், இரண்டும் பொருந்தினால் ஒரு டிக். டிக் விழுந்த பிரதி, காகித ஆலைக்குப் போகும் மூட்டையில் விழும். அலுவலகத்தில் 'டிக் அண்ணன்' என்றே பெயராகிவிட்டது.

நிலவியல் ஆய்வேடுகளின் பின்னட்டையில் ஓர் உறை இருக்கும். அதற்குள் எட்டாக மடித்த வரைபடம். ஸ்கேன் செய்தவர்கள் அதை மடித்தபடியே, வெறும் பின்புறம் மட்டும் தெரிய, கண்ணாடியில் வைத்துவிட்டார்கள். மடித்த தாளும் ஒரு பக்கம்தானே, எண்ணிக்கை பிசகவில்லை. அண்ணன் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒன்றை எடுத்து விரிக்கக்கூடப் பார்த்தார். மடிப்பில் கிழிந்துவிடும்போல் இருந்தது. பழைய தாள், பாவம் என்று பத்திரமாக உறைக்குள் திருப்பி வைத்து, டிக் போட்டு, மூட்டையில் சேர்த்தார். அதன்பின் எதையும் விரிக்க முயலவில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு பெண் வந்தாள். இறந்துபோன அப்பாவின் ஆய்வேட்டைப் பார்க்க வேண்டுமாம். மூன்று வருடம் நடந்தே அலைந்து, கிணறுகளின் ஆழத்தைக் குறித்து, அவர் கையால் வரைந்த படம் அதில் உண்டாம். திரையில் கடைசிப் பக்கம் வந்தது. வெறும் வெள்ளை. அதில் மங்கலாக ஓடிய மடிப்புக் கோடு அண்ணனுக்கு மட்டும் தெரிந்தது.

"இவ்வளவுதானா சார்?"

"அப்படித்தான் காட்டுதும்மா."

"பேப்பர் காப்பி?"

"அதெல்லாம் போயிடுச்சு. இப்ப எல்லாமே இதுக்குள்ளதான்."

அப்படியானால் எழுத்தில் கொடுங்கள் என்றாள். தலைமை நூலகர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அவரைத் தனியே கூப்பிட்டார். "மூலப் பிரதியிலேயே மேப் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. நமக்கெதுக்கு வம்பு?"

அண்ணன் எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவள் படித்துவிட்டு லேசாகச் சிரித்தாள். "அப்பா எதையும் பாதியில விட்டுடுவார்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க சார். அந்த மேப்பையாவது முழுசா முடிச்சாரேன்னு நான்தான் சண்டை போடுவேன். அம்மா சொன்னதுதான் சரி போல." நன்றி சொல்லி, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார், அவரும் சொன்னார்.

"கிழிஞ்சிடும்னு பயந்து விரிக்கலை. அப்புறம் அரைக்கக் குடுத்துட்டீங்க."

"ம்."

"நல்ல ஆளு. சரி, அந்தப் பொண்ணு இந்நேரம் அவங்க அம்மாகிட்ட என்ன சொல்லியிருக்கும்?"

மேலிடம் கேட்டால் சொல்ல அவரிடம் பதில்கள் தயாராக இருந்தன: ஆள் போதாது, அவகாசம் போதாது, இயந்திரம் சரியில்லை. இந்தக் கேள்விக்கு எதுவும் பொருந்தவில்லை. ஒரு மனிதர் முடித்துவைத்த ஒரே காரியத்தை முடிக்காததாக்கி, முத்திரையும் குத்திக் கொடுத்தாயிற்று. அடுத்த ஒன்பது நாளும் வாசகர் பதிவேட்டில் அவள் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்த பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நூலகத்தில் அவர் இத்தனை முறை புரட்டிய பக்கம் வேறில்லை.

பத்தாம் நாள் காலை அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வரைபடம் இருந்தது என்றும், அதை விரித்துப் பார்க்காமல் ஆலைக்கு அனுப்பியது தாம்தான் என்றும், தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார்.